காலேஜ் ஃபுட்பால் அணி தடுமாறுகிறதா? கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு முன் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் ஓர் அணிக்கு வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள். முதல் மூன்று நான்கு பெரும்பாலும் வெளி அணிகளோடு. மிச்சம் எட்டோ ஒன்பதோ பிக் டென், எஸ்இசி, ஏசிசி என்று சொந்தக் கான்ஃபரன்ஸுக்குள் (அணிகளின் கூட்டமைப்புக்குள்) நடப்பவை. கான்ஃபரன்ஸ் பட்டத்துக்கு இந்த எட்டு ஒன்பதுதான் கணக்கு. அதனால் செப்டம்பர் நடுவில் உங்கள் பல்கலைக்கழக அணி 1-2 (ஒரு வெற்றி, இரண்டு தோல்வி) என்று நின்றால் வயிற்றைக் கலக்கும், ஆனால் கதை முடிந்துவிடவில்லை.

2010-ல் வர்ஜீனியா டெக்கைப் பாருங்கள். செப்டம்பர் 6, திங்கள் இரவு, பாய்ஸி ஸ்டேட்டிடம் 33-30 என்று தோல்வி. ஐந்தே நாளில், ஒரு படி கீழே உள்ள எஃப்சிஎஸ் பிரிவின் ஜேம்ஸ் மேடிசனிடம், அதுவும் சொந்த மைதானத்தில், 21-16 என்று இன்னொரு தோல்வி. அப்புறம் அதே அணி தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்றது. ஏசிசி-யில் எட்டுக்கு எட்டு, கூடவே கான்ஃபரன்ஸ் பட்டமும். ஹெட் கோச் ஃபிராங்க் பீமர் யாரையும் வேலையை விட்டுத் துரத்தவில்லை, ஆட்ட முறையைத் தலைகீழாக மாற்றவும் இல்லை.

மாற்ற நேரமும் கிடையாது. பருவம் தொடங்கிய பிறகு வெளியிலிருந்து ஓர் ஆட்டக்காரரைக் கொண்டுவந்து இந்த ஆண்டே இறக்க வழியில்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி பயிற்சி, மீட்டிங், ஃபிலிம் பார்ப்பது எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 மணி நேரம். ஆட்ட நாளே 3 மணி நேரமாகக் கணக்கில் போய்விடும். வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுப்பு வேறு. ஆகவே கீழே வரும் எல்லாத் தீர்வுகளும் ஏறக்குறைய ஒரே வகைதான்: புதிதாக ஒன்றைச் சேர்ப்பதை விட, இருப்பதில் எதை எடுத்துப் போடலாம் என்று பார்ப்பது.

முதலில்: கோளாறு உண்மையிலேயே இருக்கிறதா?

வெற்றி தோல்வி எண்ணிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்னாப்பையும், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையையும், எண்ணுங்கள். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது நான்காவதில் முழுதும் கிடைத்தால் அது வெற்றிகரமான பிளே (ஒரு ஸ்னாப்பில் நடக்கும் ஆட்டம்). இப்படி எண்ணி, உங்கள் அணியின் விகிதத்தை எதிரணியோடு ஒப்பிடுங்கள். நாட்டின் முதல் ஐந்து அணிகளில் ஒன்றிடம் தோற்று, இன்னொன்றில் கடைசி நிமிட ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்துப் புள்ளி எடுப்பது) தவறித் தோற்ற அணி 1-2 என்று நிற்கலாம். ஆனால் அதன் விகிதம் நன்றாக இருக்கும். அங்கே கை வைக்காதீர்கள். 3-0 என்று நிற்கும் அணிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். காசு கொடுத்து வரவழைத்த மூன்று சின்ன அணிகளை வென்ற ஜோரில், லைன் (முன்வரிசையில் நின்று தடுக்கும் ஐவர்) ஓட்டையாக இருப்பது யார் கண்ணுக்கும் படாமல் போயிருக்கும்.

அறிகுறி: குவார்ட்டர்பேக் ஒவ்வொரு பாஸுக்கும் அடி வாங்குகிறார்

குவார்ட்டர்பேக் என்பவர் ஸ்னாப்பில் பந்தை வாங்கி வீசுபவர், தாக்குதலை நடத்துபவர். அவர் அடி வாங்குவது டிவியில் பார்ப்பவர்களுக்கு ஒரே கோளாறாகத் தெரியும். ஃபிலிமில் மூன்றாகப் பிரியும். ஒவ்வொரு சாக்கையும் (பந்தை வீசும் முன் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மூன்று பத்திகளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, அடித்தவரை யாருமே தொடவில்லை. லைனுக்கு நடுவில் புகுந்து நேராக வந்துவிட்டார். இது பலக்குறைவு இல்லை, பேச்சுக் கோளாறு. ஸ்னாப்புக்கு முன் லைன் நடுவில் நிற்கும் சென்டர்தான் எதிரணியின் நடு லைன்பேக்கர் (தடுப்பு லைனுக்குப் பின்னால் நிற்பவர்) யார் என்று கை காட்டிச் சொல்லவேண்டும். அதை வைத்துத்தான் மற்ற நால்வரும் எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு செய்கிறார்கள். சென்டர் தப்பாகச் சொன்னாலோ, சொன்னது பக்கத்தில் நிற்கும் கார்டுக்குக் கேட்காமல் போனாலோ ஓர் ஆள் விடுபடுவார். தீர்வு: பிளேபுக்கில் (அணியின் ஆட்டத் திட்டப் புத்தகத்தில்) எட்டு வகைப் பாதுகாப்பு முறை இருந்தால் மூன்றாகக் குறையுங்கள். லைனில் உள்ள ஐந்து பேரையும் காயம் தவிர வேறு எதற்காகவும் மாற்றாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன செய்வார் என்பது பழகப் பழகத்தான் வரும்.

இரண்டு, தடுக்க ஆள் இருந்தார், ஆனால் தோற்றார். பெரும்பாலும் லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிள் என்பவர், அதுவும் ஒரே ஆள், வெளி விளிம்பில். இதை இரண்டு வாரப் பயிற்சியில் தீர்க்க முடியாது. மறைக்க முடியும். அந்தப் பக்கம் ஒரு டைட் எண்டை (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) நிறுத்தலாம், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) வெளியே ஓடும் முன் ஒரு இடி கொடுத்துவிட்டுப் போகலாம். ஸ்க்ரீன் பாஸை (பாய்ந்து வருபவர்களுக்குப் பின்னால் போடும் குட்டிப் பாஸ்) அந்தப் பக்கமே வைத்தால் பாய்ந்து வருபவருக்கு ஒரு தயக்கம் வரும்.

மூன்று, தடுப்பு நன்றாக இருக்கிறது, குவார்ட்டர்பேக்தான் பந்தை விடமாட்டேன் என்கிறார். மூன்று நொடிக்கு மேல் கையில் வைத்திருந்து வாங்கிய சாக்கை லைன் மேல் எழுதுவது அநியாயம். இளம் குவார்ட்டர்பேக்கிடம் களத்தை முழுதும் படி என்று சொன்னால் இப்படித்தான் நிற்பார். பாதிக் களத்தை மட்டும் படிக்கும் பாஸ்களைக் கொடுங்கள்: முதல் ஆள், இரண்டாவது ஆள், இல்லையென்றால் ஓடு அல்லது வெளியே எறி.

2014 ஓஹையோ ஸ்டேட்டுக்கு இந்த மூன்றும் ஒரே இரவில் வந்தன. குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்ட்டில் காயம்பட்டு விலக, அனுபவமில்லாத ஜே.டி. பாரெட் இறங்கினார். லைனில் ஐந்தில் நான்கு பேர் புதியவர்கள். செப்டம்பர் 6 அன்று வர்ஜீனியா டெக் அணி, ஓஹையோவின் சென்டருக்கும் இரண்டு கார்டுகளுக்கும் நேர் எதிரே ஆளை நிறுத்தி, பின்னால் ஒருவருக்கு ஒருவர் என்று காவல் வைத்து நெருக்கியது. ஏழு சாக், மூன்று இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்), 29 பாஸில் 9 மட்டுமே கைக்குப் போய்ச் சேர்ந்தன. முடிவு 35-21. இப்படி ஒரு முறை வேலை செய்துவிட்டால் அடுத்து வரும் எல்லா அணிகளும் அதையே காப்பியடிக்கும் என்பதுதான் பெரிய ஆபத்து. ஆனால் அவர்களுக்கு பிக் டென் தொடங்க நான்கு வாரம் இருந்தது. நடுவில் கென்ட் ஸ்டேட், ஒரு ஓய்வு வாரம், சின்சினாட்டி. அக்டோபர் 4-ல் மேரிலாண்டோடு முதல் பிக் டென் ஆட்டம், 52-24. லைனில் அதே ஐவரை வைத்து வளர்த்ததன் பலன் ஜனவரி 12, 2015 அன்று தெரிந்தது. அன்று ஆடியது மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸ். தேசியப் பட்டத்தை 42-20 என்று ஓரிகனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

காத்திருக்க நான்கு வாரம் இல்லையென்றால் 2007 மிஷிகன் வழி இருக்கிறது. அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32, ஓரிகனிடம் 39-7 என்று இரண்டு தோல்வி. குவார்ட்டர்பேக் சாட் ஹென்னிக்குக் காயம். முதலாண்டு மாணவர் ரையன் மாலெட் இறங்கினார். பிக் டென்னின் முதல் ஆட்டத்தில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக ரன்னிங் பேக் மைக் ஹார்ட்டிடம் 44 முறை பந்தைக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இல்லை, 14-9 என்று வென்றார்கள். முந்தைய வார வெற்றியோடு சேர்த்து எட்டு ஆட்டங்களுக்கு வெற்றி தொடர்ந்தது.

அறிகுறி: எதிரணி ஓட்டத்திலேயே நம்மைத் தின்றுவிடுகிறது

டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) சரியில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் காரணம். பாதி நேரம் அது தவறு. தவறவிட்ட டாக்கிளை எண்ணும்போது, டாக்கிள் செய்யவேண்டியவர் சரியான இடத்தில் இருந்தாரா என்று தனியாகக் குறியுங்கள். தாக்கும் லைனில் ஐந்து பேர் நின்றால் அவர்களுக்கு இடையிலும் வெளியிலுமாக சந்துகள் உருவாகும். ஒவ்வொரு சந்துக்கும் தடுப்பில் ஒருவர் பொறுப்பு. ஒருவர் ஆர்வக்கோளாறில் பக்கத்துச் சந்துக்குப் போனால் போதும், அங்கே ஒரு வாசலே திறந்துவிடும். கடைசியில் 20 யார்டு தள்ளி தனியாக நிற்கும் கடைசித் தடுப்பாளரான சேஃப்டி டாக்கிளைத் தவறவிடுவார், பழி அவர் தலையில் விழும்.

2013 செப்டம்பர் 7-ல் டெக்சாஸ் பிஒய்யூவிடம் (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) ஓட்டத்தில் மட்டும் 550 யார்டு கொடுத்தது. டெக்சாஸின் வரலாற்றிலேயே அதுதான் மோசம். குவார்ட்டர்பேக் டெய்சம் ஹில் மட்டும் 259. பிஒய்யூ வேகமாக, மூச்சுவிட நேரம் தராமல், குவார்ட்டர்பேக்கே பந்தை வைத்துக்கொண்டு ஓடுவாரா ரன்னிங் பேக்கிடம் கொடுப்பாரா என்று கடைசி நொடிவரை தெரியாத ஸோன் ரீடை ஆடியது. இருவரையும் ஒரே ஆள் பிடிக்கப் பார்த்தால் இருவரும் தப்பிவிடுவார்கள். ஹெட் கோச் மேக் பிரவுன் மறுநாளே டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (தடுப்புக்குப் பொறுப்பான கோச்) மேனி டியாஸை நீக்கி, கிரெக் ராபின்சனைக் கொண்டுவந்தார். ஒரு வாரத்தில் பலன் இல்லை, ஓல் மிஸ்ஸிடம் 44-23. அதற்கடுத்த வாரம் அப்போது டெக்சாஸ் இருந்த பிக் 12 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கின. கேன்சஸ் ஸ்டேட்டை 31-21 என்று வென்று, தொடர்ந்து ஆறு கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை எடுத்தார்கள், நடுவில் ஓக்லஹோமாவையும் 36-20 என்று.

ஆளை நீக்காமலும் செய்யக்கூடியது: விளிம்பில் நிற்பவரிடம் ஒரே ஒரு கட்டளை கொடுங்கள், "எது நடந்தாலும் குவார்ட்டர்பேக் உன்னுடையவர்." ரன்னிங் பேக்கை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விளிம்பில் நிற்பவர் சில சமயம் பந்து இல்லாத ஆளை அடித்துவிட்டு அசடு வழிவார், பரவாயில்லை. ஸ்னாப்புக்கு முன் ஆளை மாற்றி மாற்றி நிறுத்தி ஏமாற்றும் வித்தைகளை அக்டோபர்வரை மூட்டை கட்டிவையுங்கள். வேகமாக ஆடும் அணிக்கு எதிராக அவை நம் ஆட்களைத்தான் குழப்பும்.

இடம் சரி, ஆள் சரி, பிடிதான் நழுவுகிறது என்று ஃபிலிம் சொன்னால் மட்டும் டாக்கிள் பயிற்சி. அதுவும் தினம் பத்து நிமிடம்: நெருங்கி வந்து காலடியைச் சுருக்குவது, தோளை வைப்பது, தொடையைக் கட்டிப்பிடிப்பது. முழு மோதல் வேண்டாம், பருவத்தின் நடுவில் ஒரு லைன்பேக்கரைப் பயிற்சியில் இழந்தால் யாருக்கு லாபம்?

அறிகுறி: பந்து கைமாறிக்கொண்டே இருக்கிறது

மூன்று ஆட்டத்தில் ஒன்பது முறை பந்தை இழந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் எவ்வளவு நம் தவறு, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் யாரையும் பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள். தரையில் விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுதான். விழுந்த ஐந்தையும் எதிரணியே எடுத்திருந்தால் அது அடுத்த மாதம் தானாகச் சரியாகும். எத்தனை முறை விழுந்தது என்பதை மட்டும் பாருங்கள். ஒரே ஆளின் கையிலிருந்து மூன்று முறை விழுந்திருந்தால் அவர் பந்தைப் பிடிக்கும் விதத்தில் கோளாறு.

இன்டர்செப்ஷனும் அப்படியே. நம் ஆள் கையில் பட்டுத் தெறித்ததைக் கழித்துவிடுங்கள். மூன்றாவது டவுனில் 12 யார்டு தேவைப்படும்போது வீசியவற்றைத் தனியே வையுங்கள். அவற்றின் வேர் முதல் டவுனில் இருக்கிறது. முதல் டவுனில் நாலு யார்டு கிடைக்கும் அணிக்கு இந்த வகை இன்டர்செப்ஷனே வராது.

அறிகுறி: முதல் பாதியில் சிங்கம், இரண்டாம் பாதியில் ஆளையே காணோம்

உடல் தகுதி போதவில்லை என்று சொல்லி ஆட்டக்காரர்களை வெயிலில் ஓடவிடும் கோச்சுகள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு முன் ஒன்று பார்க்கலாம். பல அணிகள் ஆட்டத்தின் முதல் 15 பிளேக்களை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு வருகின்றன. முதல் இரண்டு முறை பந்து கிடைக்கும்போது புள்ளி எடுத்து, அப்புறம் வறண்டுபோகும் அணியாக இருந்தால் எழுதிவைத்தது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிளேயை அழைப்பவர் (அடுத்து எந்த ஆட்டம் என்று சொல்லும் கோச்) களத்தைப் பார்த்து முடிவெடுக்கத் தடுமாறுகிறார். இடைவேளை 20 நிமிடம்தான். அதில் புது ஆட்டம் கற்றுக்கொடுக்க முடியாது. இரண்டாம் பாதிக்கும் எட்டு பிளே கொண்ட ஒரு சின்னப் பட்டியலை வியாழக்கிழமையே எழுதிவைப்பது எளிய தீர்வு. 2024 முதல் ஆட்டத்தின்போதே டேப்லெட்டில் வீடியோ பார்க்க அனுமதி உண்டு, அதையும் பயன்படுத்தலாம்.

சரிவு டிஃபென்ஸில் என்றால் ஸ்னாப்புகளை எண்ணுங்கள். நம் ஆஃபென்ஸ் (தாக்கும் பிரிவு) மூன்று பிளேயில் பந்தை உதைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், நான்காம் குவார்ட்டரில் டிஃபென்ஸ் நாக்குத் தள்ளத்தான் செய்யும். இரண்டாம் வரிசை ஆட்களுக்கு முதல் பாதியிலேயே பத்துப் பதினைந்து ஸ்னாப் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பெனால்ட்டி

எல்லாப் பெனால்ட்டியும் ஒன்றல்ல. முழு வேகத்தில் ஆடும்போது வருவதை மன்னிக்கலாம். ஸ்னாப்புக்கு முன் வருபவைதான் நோய்: ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன் அசைவது), தாமதம், 12 பேர் களத்தில். பிளே கிளாக் 40 நொடி. 2024 முதல் ஹெல்மெட்டுக்குள் கோச்சின் குரல் கேட்கும், ஆனால் 15 நொடி மிச்சமிருக்கும்போது அது துண்டிக்கப்படும். அழைப்பு தாமதமாகப் போனால் பின்னால் எல்லாமே அவசரம்தான். அழைப்பின் பெயரே ஒரு முழு வாக்கியமாக இருந்தால் அதைச் சுருக்குங்கள். முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டம் மிஷிகன், பென் ஸ்டேட், டென்னசி மாதிரி லட்சம் பேர் கத்தும் இடத்தில் என்றால், ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வாய்திறக்காமல் ஸ்னாப் எடுக்கும் பயிற்சியை இரண்டு வாரம் முன்பே தொடங்கவேண்டும்.

அறிகுறி: ஸ்பெஷல் டீம்ஸ் சொதப்புகிறது

ஸ்பெஷல் டீம்ஸ் என்பது பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழுக்கள். இருப்பதிலேயே மலிவான ரிப்பேர் இதுதான், ஆனால் கடைசியாகத்தான் யாரும் கை வைப்பார்கள். பன்ட்டை (எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பந்தை) துரத்தும் குழுவில் நாலைந்து முதல் வரிசை ஆட்களைப் போடுங்கள். பீமர் தன் பெயரைச் சம்பாதித்ததே இதில்தான். கிக்காஃபை (ஆட்டத்தைத் தொடங்கும் உதையை) திருப்பி எடுத்துவருபவர் பந்தை நழுவவிடுகிறாரா? 2018 முதல், 25 யார்டு கோட்டுக்கு உள்ளே ஃபேர் கேட்ச் (ஓடாமல் பிடிப்பேன் என்று கையசைத்துச் சொல்வது) கேட்டாலே பந்து 25-ல் கிடைக்கும். கையைத் தூக்கச் சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது. கிக்கர் நம்பிக்கை இழந்திருந்தால், எந்தத் தூரத்துக்கு மேல் நான்காவது டவுனை ஆடுவோம் என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்யுங்கள். களத்தில் நின்றுகொண்டு யோசிக்கக் கூடாது.

அறிகுறி: இரண்டு குவார்ட்டர்பேக், இரண்டு கோஷ்டி

ஆட்டத்துக்கு ஆட்டம், சில சமயம் டிரைவுக்கு டிரைவ் (பந்து கிடைக்கும் ஒவ்வொரு முறையும்) ஆள் மாறுகிறது. பாஸ் பிடிப்பவர்களுக்கு யாருடைய பந்தும் பழகவில்லை. இதற்கு நடுவழி இல்லை: ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், வெளிப்படையாகச் சொல்லுங்கள், விலையைக் கொடுங்கள்.

விலை என்ன என்பது 2018 கிளெம்சனில் தெரிந்தது. முந்தைய ஆண்டு ஏசிசி பட்டம் வாங்கித் தந்தவர் குவார்ட்டர்பேக் கெல்லி பிரையன்ட். அணி 4-0. தோல்வியே இல்லை. ஆனாலும் ஹெட் கோச் டாபோ ஸ்வின்னி முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸ்தான் இனி முதல் ஆள் என்று அறிவித்தார். பிரையன்ட் அணியை விட்டே போனார். அந்த ஆண்டு வந்த புது விதிப்படி, நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர் ஒரு வருடத் தகுதியை இழக்கமாட்டார். அவர் ஆடியதும் சரியாக நான்கு. அடுத்த சனிக்கிழமையே சிராக்கியூஸோடு ஆடும்போது லாரன்ஸுக்கு அடிபட்டது. மூன்றாவது ஆள் சேஸ் பிரைஸ் கடைசியில் 94 யார்டு கொண்டுபோய் 27-23 என்று காப்பாற்றினார். அந்தப் பருவம் 15-0 என்று முடிந்தது, தேசியப் பட்ட ஆட்டத்தில் அலபாமாவை 44-16.

ஆக, நான்காவது ஆட்டத்துக்கு முன்பே யாரெல்லாம் அதிருப்தியில் இருக்கிறார்கள் என்று கோச்சுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பேசவேண்டியவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். மூன்றாவது குவார்ட்டர்பேக்குக்கும் வாரம் சில ஸ்னாப் பயிற்சி கொடுக்கவேண்டும். 2024-ல் யுஎன்எல்வி (நெவாடா பல்கலைக்கழகம், லாஸ் வேகஸ்) 3-0 என்று இருக்கும்போது, கொடுத்த வாக்குறுதி நிறைவேறவில்லை என்று அறிவித்து அவர்களுடைய குவார்ட்டர்பேக் விலகினார். அடுத்தவர் தயாராக இருந்தார். முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் ஃபிரெஸ்னோ ஸ்டேட்டை 59-14 என்று அடித்தார்கள்.

எதுவுமே வேலை செய்யவில்லை

அடுத்து ரசிகர்கள் கேட்பது ஹெட் கோச்சின் தலை. 2025-ல் யுசிஎல்ஏ 0-3 ஆனதும் ஹெட் கோச் டிஷான் ஃபாஸ்டரை நீக்கியது. முதல் பிக் டென் ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்னிடமும் 17-14 என்று தோற்று 0-4. ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டரும் போனார். டைட் எண்ட் கோச்சாக இருந்த ஜெர்ரி நியூஹைசலிடம் அந்த வாரம்தான் பிளே அழைக்கும் பொறுப்பு வந்தது. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. குவார்ட்டர்பேக் நிகோ இயமலயேவாவுக்கு நன்றாக வரும் ஒன்றை, அதாவது ஓடுவதை, அவரிடமே விட்டார். 128 யார்டு ஓடி மூன்று டச்டவுன். பென் ஸ்டேட் 42-37 என்று வீழ்ந்தது. தொடர்ந்து மிஷிகன் ஸ்டேட், மேரிலாண்ட் என்று இன்னும் இரண்டு வெற்றி.

அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை, பருவம் 3-9. எதிரணிகளிடம் புது அழைப்பாளரின் ஃபிலிம் சேர்ந்துவிட்டது, லைனும் டிஃபென்ஸும் பழையபடியே இருந்தன. செப்டம்பரில் ஹெட் கோச்சை மாற்றினால் அடுத்தவரைத் தேடப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த ஆண்டு அணிக்கு வேண்டியது பிளே அழைப்பவரை மாற்றுவதா, பிளேபுக்கைப் பாதியாக்குவதா என்றால் நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்வேன். அதுவும் ஓய்வு வாரம் வரும்வரை காத்திராமல், ஞாயிறு மீட்டிங்கிலேயே.